மாதிரி எண் நாற்பத்தொன்று

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு
சௌகிட் சந்தையில் பாக் சமாட்
எனக்கென்று ஒரு தொடையெலும்பை
ஒதுக்கி வைத்திருப்பார்.
"சூப்புக்கா?" என்பார்.
ஒன்பது வருடமாகக் கேட்கிறார்.
ஆமாம் என்பேன்.
எங்கள் வீட்டில் மாட்டெலும்பு நுழையாது என்பதை
மீன்கடைத் தண்ணீர் காலில் தெறிக்கும் அவசரத்தில்
எங்கே விளக்குவது?

ஐஸ்பெட்டியை அணைத்துக்கொண்டு
மோனோரயிலில் நின்றபடி வருவேன்.
ஆய்வகத்தில் வைர ரம்பம்,
நீர் சொட்டச் சொட்ட அறுக்கும்.
நகத்தைவிட மெல்லிய சீவல்
கண்ணாடிக்கு அடியில்
தூறல் விழும் குளம்:
வட்டத்துக்குள் வட்டம், நடுவில் ஒரு துளை,
ரத்தம் போய்வந்த பாதை.
அடுக்குக்கு அடுக்கு இழைகள்
வேறு வேறு பக்கம் சாய்ந்து கிடக்கும்,
ஒட்டுப்பலகை மாதிரி.

ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளியே
மயிரிழை அளவு ஒரு கோடு.
சிமெண்ட் கோடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.
சிமெண்ட் போல அது இறுக்குவதில்லை.
எலும்பு அங்கேதான் கொஞ்சம் பலவீனம்.
நேராகப் பாய்ந்து வரும் விரிசல்
அங்கே வந்து தடுமாறும்,
வட்டத்தைச் சுற்றிப் போகும்,
சுற்றிச் சுற்றியே வேகம் தீர்ந்து
எங்கோ நின்றுவிடும்.

"எலும்புக்கு எது பலம், மிஸ்?
சுண்ணாம்பா, புரதமா?"
வெய் ஷான் கேட்டாள், முதல் வாரத்தில்.
ஒரு துண்டை அமிலத்தில் போட்டேன்.
பத்தாம் நாள் எடுத்தாள்,
ரப்பர் போல வளைத்து வளைத்துச் சிரித்தாள்.
இன்னொன்றை உலையில் வைத்தேன், அறுநூறு டிகிரி.
வடிவம் குலையாமல் வந்தது.
வெள்ளை வெளேர் என்று, அழகாகக்கூட.
இரண்டு விரலுக்கு நடுவே
பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

குணவதி அக்கா பதினொரு வயதிலிருந்து
செந்தூல் மண்டபத்தில் பேட்மிண்டன் ஆடினாள்.
தெரிந்தவர் மூலம் ஒருமுறை
இரண்டு கையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம்.
வலது மேற்கை எலும்பின் சுவர்
ஐந்தில் ஒரு பங்கு தடிப்பு.
அடி விழுந்த பக்கமாய்
எலும்பு தன்னைக் கட்டிக்கொண்டிருந்தது.
"அப்போ இந்தக் கை சோம்பேறி" என்று
இடது கையை அறைந்தாள்.

மார்ச்சில் டிங்கி. ஐந்தே நாள்.
எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செராஸில் மறுநாள் காலை
பெண்கள் வரவேண்டாம் என்றார்கள்.
போனேன்.
தகரத் தட்டில் எல்லாம் வெண்மை.
அத்தான் காலிலிருந்து பொறுக்கத் தொடங்கினார்.
நான் வலது கையைத் தேடினேன்.
வெர்னியர் கொண்டுவந்திருக்கலாம்.
ஒரு துண்டு, குழாய் போல, சுவர் தடித்த மாதிரி.
எத்தனை டிகிரியில் புரதம் போகும்,
போனபின் மிஞ்சுவது எவ்வளவு தாங்கும்,
எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.
இருந்தும் அழுத்திப் பார்த்தேன்.
"அழுத்தாதேம்மா" என்றார் அத்தான்.
அதற்குள் விரலில் மாவு.

பானையில் பால் தெளித்தார்கள்.
கிள்ளான் கடலில் அன்று அலையே இல்லை.

அடுத்த செவ்வாய்.
"சூப்புக்கா?"
"இல்லை, பாக். உடைக்க."
கத்தியைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார்.
உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார்.
"அப்ப இதைக் கொண்டு போ.
லேசில் உடையாது."

காய்ந்த எலும்பு விறைப்புதான்,
ஆனால் சொல்லாமல் முறியும்.
ஈர எலும்பு கொஞ்சம் வளையும்,
உள்ளுக்குள் நுணுக்கமாய்க் கீறி
முதலில் முனகும்.
அதனால்தான் உப்புநீர்த் துணியில் சுற்றி வைக்கிறோம்.

மெஷின் இறங்கியது.
திரையில் கோடு நேராக ஏறி
மெல்லச் சாயத் தொடங்கிய இடத்தில்
நிறுத்தினேன்.
"இன்னும் உடையலையே, மிஸ்?"
துணியை எடுத்து மறுபடி நனைத்தேன்,
ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.
நோட்டில் எழுதினேன்:
நாற்பத்தொன்று, கணக்கில் சேராது.