விட்ட இடத்திலிருந்து

ஒட்டுசுட்டான் கந்தோரில்
மேசை ஏழு, பிறிண்டர் ஒன்று.
சுகிர்தமலரின் கொம்பியூட்டரோடு கட்டிக்கிடந்தது;
அவ லீவெண்டால்
காணிக்கிளைக்கும் லீவு.

பங்குனியில் ஒரு சேர்வர் வந்தது,
சோப்புப்பெட்டி அளவில்.
கட்டவிழ்ந்தது பிறிண்டர்.

வெள்ளி மூன்றரைக்குக் கறண்ட் போக
பேமிற்றுக்கு நின்ற நேசராசா
நெடுங்கேணி பஸ்ஸுக்கு நடந்தார்.

இரவு ஒன்பதேகாலுக்கு
பூட்டிய அறைக்குள் விழித்து
விட்ட இடத்திலிருந்து அடித்தது:
மரணப்பதிவு ஒன்று,
கிணற்று மதிப்பீடு,
ஆரோ களவாய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து,
பிறகு அவருடைய அரை ஏக்கர்.
காவலாளி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு
திருநீறு பூசிக்கொண்டான்.

திங்கள்.
"பெயரில கடைசிக் கால் விடுபட்டிட்டுது, ஐயா."
பிளாஸ்டிக் முழங்காலில் தட்டினார் நேசராசா:
"எனக்கும்தான், பிள்ளை.
திரும்ப அடியும்,
ஏழு மேசையில எதிலயெண்டாலும்."