ரோ

பாயான் லெப்பாசில் என் வேலை
கண்ணாடிக்குக் கீழே வரும் சில்லுகளில்
கெட்டதைத் தள்ளுவது.
இரவு ஷிப்டில் கண் அசந்தால்
நல்லதையும் தள்ளிவிடுவேன்.
அதற்கொரு கணக்கு உண்டு, மாத முடிவில்
சூப்பர்வைசர் படித்துக் காட்டுவார்.

என் ரத்தத்துக்கும் அதே வேலைதானாம்.
அதைக் கேட்கத்தான் ஆளில்லை.
விரல் முட்டிகளைத் தள்ளியது, பிறகு தோலை,
ஒரு வருஷம் சிறுநீரகத்தைத் தள்ளிப் பார்த்தது.
லூபஸ் என்று டாக்டர் அஃபீபா சொன்னபோது
பெயர் அழகாக இருக்கிறதே என்று
சொல்லித் தொலைத்தேன்.

இரண்டாம் முறை வயிற்றில் தங்கியதும்
ஆய்வில் சேருகிறாயா என்று கேட்டார்கள்.
படிவம் மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.
நர்ஸ் சியூ லிங் மலாயில் வாசிக்க
மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டேன்:
கையெழுத்துப் போடாவிட்டாலும் வைத்தியம் நிற்காது.
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.
உங்களுக்கென்று பலன் இல்லாமலும் போகலாம்.
பஸ் காசு முப்பது வெள்ளி.

கீழே இரண்டு கட்டங்கள்.
முந்தைய கர்ப்பம்: 1.
உயிரோடிருக்கும் குழந்தைகள்:
அங்கே அவள் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு 0 போட்டாள், மெதுவாக,
வட்டம் எங்கும் திறந்திருக்க விடாமல்.

இனி நான் முப்பத்தொன்று. பெயர் கிடையாது.

எனக்குள் ஓடும் ஒன்றுக்கு மட்டும் பெயர் உண்டு.
எதிர் ரோ.
நஞ்சுக்கொடி வழியே போய், பிள்ளையின் இதயத்தில்
மேலறை சொல்வதைக் கீழறை
கேட்காமல் செய்துவிடுமாம், சிலருக்கு.
எத்தனை பேருக்கு?
நூற்றில் ஒன்றோ இரண்டோ.
ரோ என்றால் என்ன?
டாக்டர் சிரித்தார். ஒரு நோயாளியின் பெயராம்,
முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்களாம்.
ரத்தம் கொடுத்த ஆள்.
எந்த ஊர், பிள்ளைகள் இருந்தார்களா,
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
பஸ்ஸில், கொம்தாரில் இறங்குமுன்தான் உறைத்தது.
தமிழில் அந்தப் பெயருக்கு
முன்னால் ஓர் எழுத்து வைத்தால் போதும்.
யாரோ.

பதினாறாம் வாரத்திலிருந்து
செவ்வாய்தோறும் இருட்டறை, வயிற்றில் குளிர்ந்த ஜெல்லி.
மேலறையிலிருந்து கீழறைக்குச்
சேதி போகும் நேரத்தை அளக்கிறார்கள்,
மில்லி நொடியில்.
130. 128. 134.
நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது.
ஜீவேந்திரன் போனில் குறித்துக்கொள்கிறான்,
நாலு நம்பர் எழுதுகிற மாதிரி.

கீழ்வீட்டுப் பவளக்கொடி அக்காவுக்கு என் மாத்திரைமேல் பயம்.
மலேரியாவுக்குக் கொடுப்பதாமே,
உனக்கெங்கே மலேரியா, நிறுத்து என்கிறாள்.
முதல் முறை நிறுத்தினேன் அக்கா.
யாரும் சொல்லாமலே நிறுத்தினேன்.
இருபத்திரண்டாம் வாரம்வரை
யாரும் எதையும் அளக்கவில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.
மாங்காய் ஊறுகாய் தந்தாள், வாங்கிக்கொண்டேன்.

இருபத்துமூன்றாம் வாரம், 147.
அறையில் பேச்சில்லை.
வெள்ளிக்கிழமை திரும்ப வா.
இடையில் இரண்டு ஷிப்ட்.
தள்ள வேண்டியதைக்கூடத்
தள்ள மனசு வரவில்லை.
சூப்பர்வைசரிடம் கண்வலி என்றேன்.

வெள்ளிக்கிழமை 139.
டாக்டர் அஃபீபா நாற்காலியில் சாய்ந்தார்.
நல்லது என்று சொல்லவில்லை,
அடுத்த செவ்வாய் என்றார்.
இன்னும் மூன்று செவ்வாய்.

சியூ லிங் ஒரு குழாய் ரத்தம் கேட்டாள்.
ஆய்வுக்கு. மைனஸ் எண்பதில் உறைய வைப்பார்களாம்,
பத்து வருஷம் கழித்து
யாராவது எடுத்துப் பார்க்கலாமாம்.
கையை நீட்டினேன்.
குழாயில் ஒட்டிய சீட்டில் 031, தேதி.
பேனா இருக்கிறதா என்றேன்.
பெயர் எழுதக் கூடாது, அக்கா.
தெரியும் என்றேன். சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன்.
உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.
கொடுங்கள் என்று
இரண்டாம் முறை அவள் கேட்கும்வரை
வைத்திருந்தேன்.