ஒரு கிலோ இருநூறு

அம்மை ஷீட்டுக் கட்டோடு சேர்த்து
என் பழைய மார்பையும் விற்றுவிட்டாள்.

குறை சொல்ல முடியாது.
புகைப்புரையில் தொங்கினால் எல்லாம் ஒரே நிறம்.
பூஞ்சை பிடிக்காமல் இருக்க
அங்கே போட்டது நான்தான்.

சிற்பம் படித்தவளுக்கு
மயிலாடியில் வேலை கிடைக்காதா என்பார்கள்.
கல்லை உரிக்க முடியாது.

மூன்று வருடம் முன்பு,
மாத்திரை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு,
எல்லோரும் ஆராதனைக்குப் போனபின்
கதவைச் சாத்தி, உடம்பில் பவுடர் தட்டி
ரப்பர்பால் பூசினேன்.
ஆறு பூச்சு.
அம்மோனியா கண்ணில் ஏற
ஒவ்வொன்றும் காயும்வரை
மின்விசிறிக்கு எதிரே கையை விரித்து நின்றேன்.
உரித்தபோது காறை எலும்பு, விலா,
தொப்புளுக்கு மேலே சைக்கிள் தழும்பு,
பிடுங்கிக்கொண்டு வந்த நாலைந்து முடி.
தட்டையான ஒரு பையன்
என் இரண்டு கையிலும் துவண்டு கிடந்தான்.

உட்பக்கம் இன்னொரு பூச்சு.
அது ஈரமாயிருக்கும்போதே
மணவாளக்குறிச்சிக் கரிமணல் தூவினேன்.
பத்தாம் வகுப்பில்
சட்டையைக் கழற்றடா என்ற பந்தாட்டக்காரர்கள் நடுவே
நான் கவிழ்ந்து படுத்துக்கொண்ட மணல்.
சுட்டது.
எழுந்திருக்கவில்லை.

குலசேகரத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன்.
ஞானசிகாமணி அண்ணாச்சி
அதைத் தராசுக்குப் பக்கத்தில் தனியே எறிந்திருந்தார்.

"இதில மண்ணு கெடக்கு மக்களே.
கம்பெனிக்காரன் எடுக்கமாட்டான்."

ஒற்றை ஆளைப் பன்மையில் கூப்பிடுவது
எங்கள் பக்கத்து வழக்கம்.
அன்றைக்கு அது கணக்காய்ப் பொருந்தியது.

"மண்ணு நான் போட்டதுதான் அண்ணாச்சி."

வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.
"இது யாருக்க மேலு?"

"எனக்க."

முகத்தைப் பார்த்தார்.
கொஞ்சம் கீழே பார்த்தார்.
சட்டென்று தராசைப் பார்த்தார்.
எடை போடாமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை அவருக்கு.

ஒரு கிலோ இருநூறு.
"வாங்கின வெலைக்கே எடுத்துக்க."

ரசீதில், கேட்காமலே,
ரேஷன் கார்டில் இருந்த பேரை எழுதினார்: ஜெபின்.
நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தார்.
பெருமூச்சு மாதிரி ஏதோ விட்டு
கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டார்.

புள்ளியை எடுக்க மறந்துவிட்டார்.

தலையில் புள்ளி, பக்கத்தில் கால்.
மெய்யும் இல்லை, உயிர்மெய்யும் இல்லை,
எந்த வாத்தியாரும் சொல்லித்தராத எழுத்து.
திருத்தித் தரவா என்றார்.
வேண்டாம் என்று வாங்கிச்
சட்டைப் பையில் நாலாய் மடித்து வைத்தேன்.

வழியெல்லாம் காற்று அவனுக்குள் புகுந்து
முன்கூடையில் உப்பி உப்பி அடங்கியது.

அம்மை முற்றத்தில் ஒட்டுப்பால் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
எவ்வளவு குடுத்தா என்றாள்.

இருநூற்றுப் பதினாறு.

"மண்ணுக்கும் சேத்தா பைசா வாங்கினான்?"