வலப்பக்கக் கதிரை

விஞ்ஞான கூடத்தில் பதினொரு கதிரை.
வட்டமாகப் போடச் சொன்னார் பஸ்லியா மிஸ்.
முட்டை மாதிரித்தான் வந்தது.
கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு:
ஒழுக்காற்று ஆசிரியர், பதினேழு வருஷம்,
பிரம்பு அலுமாரிக்குள், சாவி சட்டைப்பைக்குள்.

வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் இரண்டு
யாரோ விட்டுப்போன சோற்றுப் பார்சலைக் கிழித்தன.
மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்.
அதற்குள்தான் எங்கேயோ கிடக்கிறது
விதுசனாவின் இடது காது,
கச்சான் கொட்டையளவு, தோல் நிறம்,
தாய் இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்தது.

நாலு பெடியன்கள் கை மாற்றி விளையாடினார்கள்.
நடுவில் நின்று அவள் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.
கடைசிக் கை தனோஜனுடையது.

"சேர், ரெண்டு போட்டு முடிச்சு விடுங்க,
எனக்கு இரவு வேலை" என்றார் அவன் தகப்பன்.
மா ஆலையிலிருந்து நேரே வந்தவர்.
இமை மயிரிலும் வெள்ளை.
"பொலிசுக்குப் போயிருக்க வேணும்" என்றாள் அவள் தாய்,
எங்களிடமல்ல, மடியிலிருந்த கைப்பையிடம்.

கரும்பலகைத் துடைப்பான் யார் கையிலோ
அவர்தான் கதைக்கலாம். அது விதி.
அரை மணித்தியாலத்தில் எல்லார் உடுப்பிலும் சுண்ணத்தூள்.

தனோஜனிடம் வந்தது.
"சொறி."
"கேக்கல்ல" என்றாள் விதுசனா.
யன்னல்களைச் சாத்தினோம்.
"பிழை நடந்துட்டுது. மன்னிச்சிரு."
"கேக்கல்ல."
தகப்பனின் கை உயர்ந்தது.
பஸ்லியா மிஸ் பார்த்தார். இறங்கியது.

"நீ இருக்கிறது இடப்பக்கம்.
அந்தப் பக்கம் இப்ப எனக்கு ஒண்டுமே இல்ல.
இங்கால வந்து இருந்து சொல்லு."

வலப்பக்கக் கதிரையில் இருந்தது நான்.
குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

அவன் வந்து இருந்தான். முழங்கால் ஆடியது.
கன நேரம் கூரைத் தகரம் மட்டும் கதைத்தது.

"நான்தான் எறிஞ்சன்.
கையில வந்ததும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க.
திருப்பித் தந்தா சிரிப்பாங்க எண்டு
எறிஞ்சன்."

அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை,
வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கேட்டது" என்றாள்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டான் என்று எழுதினேன்.
எழுதிவிட்டு அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.
கேட்டது யார்?
இரப்பவன் வாய்க்கும் செவிக்கும்
ஒரே வினையைக் கொடுத்த மொழியில்
பதினேழு வருஷம் பாதியைத்தான்
கேட்க வைத்திருக்கிறேன்.

துடைப்பான் சுற்றி வந்து என் மடியில் நின்றது.
குறிப்பு எழுதுபவருக்கும் முறை உண்டாம்.
அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பில், அந்தக் கருவி வருமுன்,
கூப்பிட்டும் திரும்பாத ஒருத்தியை
கொடிக்கம்பத்தடியில், வெயிலில்,
ஒரு பாடம் முழுக்க நிறுத்தியிருந்தேன்.
எழும்பிப் போய் அவள் வலப்பக்கம் குந்திச் சொன்னேன்.
கேட்டது என்றுகூட அவள் சொல்லவில்லை.
துடைப்பானை என்னிடமிருந்து வாங்கி
அடுத்தவரிடம் கொடுத்தாள்.

மாதம் மூவாயிரம் என்று முடிவு.
பாதி தகப்பன். மீதிக்கு அவன்
சனிக்கிழமைகளில் சைக்கிள் கடை.
மற்ற மூன்று பேருக்கும் அடுத்த வெள்ளி.
வலயத்துக்கு அனுப்பும் படிவத்தில்
'வழங்கிய தண்டனை' என்ற பெட்டியை
இன்னும் நிரப்பவில்லை. இரண்டு தரம் போன் வந்துவிட்டது.

அவர்கள் சிநேகிதர் ஆகவில்லை.
நேற்று இடைவேளை முடிய
அவள் மதிலோரம் கடலைப் பார்த்து நின்றாள்.
அவன் இடப்பக்கமாக வந்தான்,
வாயைத் திறந்தான், மூடினான்,
பின்னால் சுற்றி மற்றப் பக்கம் போனான்.
"மணி அடிச்சிட்டு."
"தெரியும்" என்றாள்.