ரீடிங் எடுக்க வந்தவன்

காளவாசல் பக்கம்
ஓவியர்கள் ஏழு பேரை எனக்குத் தெரியும்.
முகத்தால் மூன்று பேரை,
யூனிட்டால் ஏழு பேரையும்.

பொன்மேனியில் மாடி வீடு, சாந்தாராம்.
பகலெல்லாம் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு
ராத்திரி பதினொன்றுக்குமேல் தூரிகை எடுக்கிறவர்.
அவர் சொல்லி எனக்குத் தெரியாது.
ஒற்றை ஆள் குடித்தனத்தில்
இரண்டு மாதத்துக்கு முன்னூற்று நாற்பது ஓடினால்
ஏசி இருக்கணும்,
இல்லாவிட்டால் ஏதாவது பைத்தியம்.
ஏசி இல்லை.

ஜன்னல் வழியே ஒருநாள் பார்த்தேன்:
மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி,
அடியில் தேங்கின தண்ணீர்.
அந்தப் பச்சையை
லைன் வேலைக்குப் போனபோது நேரிலேயே பார்த்திருக்கிறேன்.
நேரில் அது இவ்வளவு ஆழமில்லை.

சம்மட்டிபுரம் ஒச்சப்பன்
காதுகுத்துக்கும் கட்சிக்கும் பேனர் டிசைன் போடுகிறவர்.
கம்ப்யூட்டர் ஓடினால் யூனிட் ஏறும்.
நூறுக்குள் அடங்கி, கட்டணம் பூஜ்யம் என்று வந்தால்
மனுஷனுக்கு வேலையில்லை,
வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து
தனக்காக வரைகிறார் என்று அர்த்தம்.
மாட்டுத்தாவணியில் படுத்துக் கிடக்கிறவர்களின்
உள்ளங்கால்கள்.
நாற்பத்தொன்று இருந்தது, எண்ணிப் பார்த்தேன்,
எண்ணுவதுதானே என் பிழைப்பு.
ஜோடியில்லாத அந்த ஒன்றைப் பற்றி
அவரிடம் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை
பைபாஸ் ரோட்டில், மூடிப்போன டியூஷன் சென்டர்.
பூட்டியிருக்கும் என்று எழுதிவிடலாம் என நினைத்துப் போனால்
படியெல்லாம் செருப்பு.
உள்ளே கண்காட்சி.
கரும்பலகையில் யாரோ போட்ட முக்கோணம்
பாதிக் கணக்கோடு அப்படியே நிற்க
இரண்டு பக்கமும் படங்கள்.
பதினான்கு பேர் இருந்தோம்.
பத்துப் பேர் வரைந்தவர்கள்,
ஒருவர் டீ கொண்டுவந்தவர்.
‘இதுக்கு என்னம்மா அர்த்தம்?’ என்று ஒரு பெரியவர் கேட்க
‘சாப்பிட்டீங்களா சார்?’ என்றார் ஜெசிந்தா.

அவருடைய படம் சுவர் அகலம்.
இடித்த வீடுகளில் பொறுக்கிய
மின்வாரிய வெள்ளை அட்டைகள்,
அறுபதோ எழுபதோ,
நெருக்கி ஒட்டி மேலே நீலம்.
வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டுநீலம்,
அங்கங்கே கெட்டியாக, அங்கங்கே அலசி விட்டதுபோல.
நீலத்துக்கு அடியில்
தேதி, ரீடிங், யூனிட், தொகை,
கடைசிக் கட்டத்தில்
கோழி கிளறின மாதிரி ஒரு இனிஷியல்.

என்னுடையது.

இருபத்திரண்டு வருஷம் அட்டைகளில் எழுதினேன்.
தப்பாகப் போட்டாலொழிய
என் எழுத்தை யாரும் இரண்டாம் தரம் பார்த்ததில்லை.

வலது ஓரத்தில் ஒரே ஒரு அட்டை
நீலம் படாமல்.
4218இல் 4036 போக
182 என்று வரணும்.
192 என்று போட்டிருக்கிறேன்.
பத்து யூனிட் கூட.
அந்த வீட்டம்மாவை ஞாபகம் இருக்கிறது,
ரெண்டு மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவர்.
கட்டிவிட்டார், கேட்கவில்லை.
அங்கே இப்போது வீடில்லை, தெருவே இல்லை.

‘இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?’

‘நான் எங்க சார் விட்டேன்?
மூணு தடவை பூசினேன், ஒட்டவே மாட்டேன்னுச்சு.
ஏதோ எண்ணெய்க் கறை.’

என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
எழுதினது யார் என்பதையும்.
விலைச்சீட்டைப் பார்த்தேன்,
என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கீழே.

மீட்டர் கதவுக்குப் பின்னால் இருந்தது.
நாலு விளக்கு, ஒரு காத்தாடி.
மெஷினே கழித்துக் கொடுக்கிற காலம்,
இருந்தும் மனசுக்குள்
இரண்டு முறை கழித்துப் பார்த்தேன்.

படியிறங்கி
செருப்புக் குவியலில் என்னுடையதைத் துழாவி
ஒன்று அகப்பட்டு, ஒன்று அகப்படாமல் நிற்கையில்
ஒச்சப்பன்
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.