ஆறு வோல்ட்

பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில்
மின்சாரம் இளைத்துவிடும்.
பொதட்டூர்பேட்டையில் இந்த லைனுக்குக் கடைசிக் கம்பம் எங்களுடையது.
முன்னால் நாற்பது வீட்டுத் தறி குடித்த மிச்சம்
எங்கள் மூன்று தறிக்கு.
மோட்டார் முனகும். நாடா பாதியில் நிற்கும்.
லைன்மேன் வருவார், டெஸ்டரைச் சொருகுவார்,
சிவப்பு மினுக்கைக் காட்டி
'இருக்கே' என்று போவார்.

இருக்கிறதுதான்.
எவ்வளவு என்றுதானே கேட்டேன்.

நகரிக்கு நூல் எடுக்கப் போன அன்று
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கினேன்.
மஞ்சள் உடம்பு, கறுப்பும் சிவப்புமாய் இரண்டு வால்.
தறியடி சாக்கெட்டில் வைத்தால்
நூற்றுத் தொண்ணூற்றாறு.
இருநூற்று முப்பது வரவேண்டிய இடம்.

வோல்டேஜ் அளப்பது சுலபம்.
ஓடுகிற எதையும் நிறுத்த வேண்டாம்,
இரு பக்கமும் முனை வைத்து
ஓரமாய் நின்று பார்க்கலாம்.
அந்தத் தைரியத்தில்
சிவப்பு வாலைப் பத்து ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி
அதே சாக்கெட்டில் சொருகினேன்.

நீல வெளிச்சம். டப்.
முனையில் பயறளவு பித்தளை காணோம்.
வீடு முழுக்க இருட்டு.

'கரண்டை ஓரமா நின்னு கேக்க முடியாதும்மா,
வழியை அறுத்து நடுவுல நிக்கணும்,
அத்தனையும் உன் வழியாப் போவணும்,'
காயில் சுற்றும் முனிரத்தினம் சிரித்து முடித்து
டாங் டெஸ்டரை வாடகைக்குக் கொடுத்தான்.
அது அறுக்காது; கம்பியைக் கட்டிக்கொண்டே கணக்குச் சொல்லும்.
நாளுக்கு ஐம்பது ரூபாய்.

மூன்று தறியும் ஓட, அது கவ்வியது.
இரண்டாம் தறி ரெட்டெம்மா எட்டிப் பார்த்து
'பதி' என்றாள்.
அவள் பாஷையில் பத்து.
என் பாஷையில் வேறு ஆள்.
தறிச் சத்தத்தில் என் சிரிப்பு அவளுக்குக் கேட்கவில்லை.

மீட்டர் பெட்டியில் இருநூற்றிரண்டு.
தறியடியில் நூற்றுத் தொண்ணூற்றாறு.
இடையில் பதினெட்டு அடி ஒயர்தான்.
ஆறு வோல்ட் எங்கே இறங்கிப் போனது?

பரண் பக்கம் ஒரு முடிச்சு.
தறி பூஜை போட்ட அன்று
நல்ல நேரம் தவறுமென்று பல்லால் சீவி
அவர் முறுக்கிய முடிச்சு, எட்டு வருஷ டேப்.
புறங்கையைக் கிட்டே கொண்டுபோனாலே சுட்டது.
இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை:
ஆறு.
தறியை நிறுத்தச் சொன்னேன்.
பூஜ்யம்.
மறுபடி ஓடச் சொன்னேன்.
ஆறு.

ஓட்டம் இல்லாதவரை
அது முடிச்சே இல்லை.
தீபாவளிக்குத் தறி நின்ற நாலு நாளும்
எல்லாம் சரியாய் இருப்பதாகத்தான் நானும் நினைத்தேன்.

ஆறை 'பதி'யால் வகுத்தேன்:
அரை ஓமும் கொசுறும்.
அவ்வளவுதான் இருந்தது.

மெயினை இறக்கி, வெட்டி,
கறுத்த செம்பைச் சிவக்கச் சுரண்டி,
பன்னிரண்டு ரூபாய்க் கனெக்டரில் திருகினேன்.

திருத்தணியில் லுங்கிக் கட்டைப் போட்டுவிட்டு வந்தவர்
பரணைப் பார்த்து 'யார் கை வச்சது?' என்றார்.
'நான்தான்.'
கனெக்டர் மேல் விரல் வைத்தார்.
வைத்தபடியே நின்றார்.
'சுடல' என்றார்.

ஆறு வோல்ட் எங்களுடையது, மீட்டாயிற்று.
மீதி இருபத்தெட்டு வாரியத்தினுடையது.
நூல் கணக்கு நோட்டில் பின்பக்கமாய்
தேதி, மணி, வோல்ட் என்று கோடு போட்டிருக்கிறேன்.
இன்று ஏழேகாலுக்கு
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
லைன்மேன் வரட்டும்.