இரண்டாவது தோட்டா

தாய்ஸ்தோ இரண்டையும்
பச்சைக் கம்பளித் துண்டின் மேல் கிடத்துகிறான்.
தூண்டில்களும் ரம்பச் சங்கிலிகளும் தொங்கும் கடை,
எண்ணெயும் ஈர நாயும் கலந்த வாசம்.
என் பையில் போலீஸ் தந்த அனுமதிச் சீட்டு:
ஒரே ஒரு துப்பாக்கிக்கு.

முதலாவது வால்நட்.
பாகு காய்ச்சி ஊற்றினாற்போல் மரத்தில் ரேகைகள்.
யாரோ பல பருவங்கள் கன்னம் வைத்த இடம்
ஆற்றுக் கல்லாக வழுவழுக்கிறது.
போல்ட்டை இழுத்தால் சத்தமே இல்லை.
கைப்பிடி வலப்பக்கம்.

மற்றது பிளாஸ்டிக் உடம்பு,
குளியலறை வாளியின் நிறம்.
தட்டினால் உள்ளே டொக்கென்று வெறுமை.
போல்ட் புதுச்செருப்பு மாதிரி கடிக்கிறது.
கைப்பிடி இடப்பக்கம்.
"நாலு மாசம் காத்திருந்து வரவழைச்சேன், ஹில்க்கா."

நான் நொட்டாங்கைக்காரி.
முப்பது வருடம் வலக்கைக்காரர்களின் ரைஃபிளை
இடத்தோளில் வைத்துச் சுட்டேன்.
சுட்டதும் கை விசையை விட்டு
தொலைநோக்கிக்கு மேலே தாவி
அந்தப்பக்கம் போய்
திருகி, இழுத்து, தள்ளி, பூட்டி
திரும்பி வரவேண்டும்.
வேலிக்கு மேலே எட்டி
அடுத்த வீட்டுக் கதவைத் திறப்பது மாதிரி.
பழகிவிட்டது.
"இந்த வேகம் எங்களுக்கே இல்ல" என்பான் அர்வி.
நானும் நம்பியிருந்தேன்.

போன அக்டோபர், ஏரிக்கு வடக்கே,
துய்ஸ்கு குரைத்தே நிறுத்தி வைத்தது
இரண்டு வயது ஆண் மூஸை.
அறுபது மீட்டர்.
முதல் தோட்டா ஒரு சாண் பின்னால் போய்விட்டது.
அது நின்று என்னைப் பார்த்தது.
நின்றது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.
ஓடவில்லை, நின்றது,
என் கை வேலி தாண்டிப் போயிருந்த நேரமெல்லாம்.
கை திரும்பியபோது அங்கே
ஒரு பிர்ச் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ராத்திரி ஒன்றரை வரை ரத்தம் தேடினோம்.
டார்ச் வெளிச்சத்தில் பாசிமேல்
லிங்கன்பெரியும் ரத்தமும் ஒரே சிவப்பு.
குனிந்து குனிந்து விரலால் தொட்டேன்.
பழம். பழம். பழம்.
ரத்தம்.
பழம்.

விடிந்து கண்டோம்.
சதுப்பில் முன்னங்கால் மடிந்து
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
அர்வி முடித்துவைத்தான்.
யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.
சாப்பிடும்போது உப்பை மட்டும்
கேட்காமலே என் பக்கம் நகர்த்தினார்கள்.

ஊருக்கே தெரியும், தாய்ஸ்தோவுக்கும் தெரியும்.
இருந்தும் வால்நட்டைத்தான் முன்னால் தள்ளுகிறான்:
"இருநூறு யூரோ குறைச்சல் வேற."
கன்னம் அந்தக் குழிவில் போய் உட்கார்ந்ததும்
எழுந்துவர மாட்டேன் என்கிறது.
பொய் சொல்வானேன்,
அழகுதான்.

வாளியை எடுத்துத் தோளில் வைக்கிறேன்.
சுவர்க் காலண்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிவைத்து
விசை. டிக்.
உடனே என் கை, என்னைக் கேளாமல்,
தொலைநோக்கிக்கு மேலே தாவி
அந்தப்பக்கம் போய்
வெறும் காற்றைப் பிடித்துத் திருகுகிறது.

தாய்ஸ்தோ சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான்.

மறுபடி. காற்று.
மறுபடி. காற்று, பிறகு ஒரு தயக்கம்.
ஆறாவது தடவை
கை போக இடமில்லாமல் பக்கத்திலேயே தடவி
தன் கதவைத் தானே கண்டுபிடிக்கிறது.
கரடுமுரடாகத் திறக்கிறது.

பருவம் தொடங்க ஏழு வாரம்.
தினம் ராத்திரி சமையலறையில் நூறு தடவை
டிக், டிக் என்று கேட்கும்.
துய்ஸ்கு முதல் நாள் தலையைத் தூக்கும்,
நாலாம் நாள் ஒரு காதை மட்டும்.

"இதையே உறையில போடு, தாய்ஸ்தோ.
பயிற்சித் தோட்டா அஞ்சு குடு.
அப்புறம் அந்த வால்நட்டை
உள்ளே கொண்டுபோய் வை.
சீக்கிரம்."